ஐம்பத்தாறு அடி இறக்கை

ஆர்லன் வெசெலி மேடையிலிருந்து இறங்கி, பார்வையாளர் வரிசையில் மகள் மார்னிக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார். நெப்ராஸ்காவின் அந்தச் சிற்றூரில் அவரையும் சேர்த்து நகர மன்ற உறுப்பினர்கள் நாலே பேர். நகரம் கட்டப்போகும் புது விமானக் கொட்டகையில் இடத்துக்குக் காத்திருப்பவர்களில் மார்னியும் ஒருத்தி என்பதால், அந்த விஷயம் முடியும்வரை அவருக்கு ஓட்டும் கிடையாது, பேச்சும் கிடையாது.

"வாய மூடிட்டு இருப்பீங்களாப்பா? உங்களால முடியாதே" என்று மார்னி கிசுகிசுத்தாள்.

வயல்களுக்கு மருந்து தெளிக்கும் விமானம் அவளுடையது. ஜனவரியில் பனியின் பாரம் தாங்காமல் பழைய கொட்டகை விழுந்ததிலிருந்து அது வெட்டவெளியில் நிற்கிறது. ஆலங்கட்டி விழுந்து இறக்கையெல்லாம் குழி. டெக்சஸில் ஒருவர் கொட்டகையும் வேலையும் தருவதாகச் சொல்லியிருந்தார். இங்கே இடமில்லையென்றால் போய்விடுவாள். மனைவியைப் போன வருடம் அடக்கம் செய்த ஆர்லனுக்கு இனி அவள் மட்டும்தான்.

திரையில் புதுக் கொட்டகையின் வரைபடம் வந்தது. விமானத்துக்கு இறக்கைப் பக்கம் அகலம், வால் பக்கம் ஒடுக்கம். ஒன்று வடக்கும் அடுத்தது தெற்கும் பார்த்து நின்றால், எதிரெதிர் வால்கள் கோத்த விரல்களைப் போல ஒன்றுக்கொன்று இடையே அடங்கிவிடும். அப்படித்தான் ஒரே கூரையின்கீழ் எட்டு அறை வந்தது. ஆனால் கதவுக்கு நாற்பத்திரண்டு அடிதான். மார்னியின் விமானத்துக்கு இறக்கை ஐம்பத்தாறு அடி. ஓரத்து அறையை அகலமாக்கலாம், எட்டு ஏழாகிவிடும்.

"ஒருத்திக்காக ஒரு அறைய விடறதா?" என்றார் உறுப்பினர் க்ளென்.

"அவ போயிட்டா உன் சோளத்துக்கு யாருய்யா தெளிப்பா? வாளிய தூக்கிட்டு நீ நடப்பியா?" என்றாள் போனி. அவளும் உறுப்பினர்தான். சபை சிரித்தது.

"இப்பல்லாம் ட்ரோன் வந்தாச்சு, போனி."

"ஓரத்து அறைக்கு அறுபது அடிக் கதவு வைக்கணும்னு முன்மொழியறேன்" என்றாள் அவள்.

"வழிமொழியறவங்க?" என்றார் மேயர் லோயிஸ். இன்னொருவர் வழிமொழிந்தால்தான் ஓட்டுக்கே போகும். இல்லையென்றால் அங்கேயே முடிந்தது. மிச்சமிருந்த உறுப்பினர் கர்ட் தயங்கித் தயங்கி மைக்கை நோக்கிச் சாய்ந்தான்.

"வழிமொழியறேன்."

குரல் கீழேயிருந்து வந்தது. இருபத்தாறு வருடப் பழக்கம். தன் வாய்தான் அதைச் சொன்னது என்று ஆர்லனுக்கே அப்புறம்தான் உறைத்தது.

"ஆர்லன், நீங்க கீழ உக்காந்திருக்கீங்க" என்றார் லோயிஸ் மெதுவாக.

யாரும் சிரிக்கவில்லை. கர்ட் நிமிர்ந்து பின்னால் சாய்ந்துகொண்டான். "இப்ப நான் வழிமொழிஞ்சா, ஆர்லன் சொல்லிக் கொடுத்து செஞ்சேன்னு ஊர் பேசும். மன்னிச்சுக்கங்க."

லோயிஸ் இரண்டு முறை கேட்டுப் பார்த்தார். பிறகு, வழிமொழிய ஆளில்லாததால் தீர்மானம் விழுந்தது என்று குறிக்கச் சொன்னார். நாற்பத்திரண்டு அடிக் கதவுத் திட்டமே இரண்டுக்கு ஒன்று என்ற ஓட்டில் நிறைவேறியது.

"நான்தாம்மா கெடுத்தேன்" என்றார் ஆர்லன்.

"விடுங்கப்பா." மார்னி தொப்பியை எடுத்துக்கொண்டாள்.

"எப்ப கிளம்பற?"

"காத்து அடங்கணும். வெள்ளிக்கிழமையா இருக்கும்."

மேயர் அவரை மேடைக்குத் திரும்பி வரச் சொன்னார். அடுத்தது நீச்சல் குள வேலி. இரண்டாம் தரம் பெயர் சொல்லிக் கூப்பிட்ட பிறகும் அவரால் எழுந்திருக்க முடியவில்லை.