கேட்காமல் ஏற்றிய வாடகை

அந்த மூன்று அடுக்கு வீட்டில் பெரியவருக்கு ஸ்கேல் என்று ஒரு பட்டப்பெயர் இருந்தது. வைத்தவர் கீழ் வீட்டில் குடியிருந்த முடிதிருத்துபவர். நாற்காலியில் முதுகு படாமல் உட்கார்ந்து முடி வெட்டிக்கொள்கிற மனிதரை அவர் தொழிலில் வேறெங்கும் கண்டதில்லையாம். பெரியவர் காதுக்கும் அந்தப் பெயர் எட்டியிருந்தது. கோபம் வந்ததாகக் காட்டிக்கொண்டாரே தவிர, உள்ளுக்குள் அது அவருக்குப் பிடித்துத்தான் இருந்தது. வளைந்து கொடுக்காதவர் என்று பெயர் எடுப்பதில் என்ன குறை?

அச்சகத்தில் மேற்பார்வையாளராக இருந்து ஓய்வு பெற்றவர். மகன், மருமகளோடு நடு மாடியில் வாசம். மேல் மாடியில் வீட்டுக்காரர். குடிவந்த நாள் முதல் பெரியவருக்கு ஒரு வழக்கம் உண்டு. வருடம் முடிகிற மாதத்தில், வீட்டுக்காரர் வாடகையைப் பற்றி வாய் திறப்பதற்கு முன்பே, இஸ்திரி போட்ட சட்டையை மாட்டிக்கொண்டு மேலே போவார். "இந்த வருஷத்துக்கு இவ்வளவு ஏத்திக்குங்க" என்று தானே ஒரு தொகையைச் சொல்வார். ஒருவர் வந்து கேட்கும்படி விட்டுவிட்டால் அதற்கப்புறம் கொடுப்பதில் மரியாதை இல்லை என்பது அவருடைய கணக்கு. வீட்டுக்காரரும் இத்தனை வருடத்தில் ஒருமுறைகூடக் கேட்டதில்லை. அவருக்குக் கேட்க வேண்டிய அவசியம் வரவே இல்லை.

அந்த வருடம்தான் ஊருக்குள் தொற்றுக் காய்ச்சல் வந்தது. ஊர் பாதி மூடிக்கிடந்தது. முடிதிருத்தும் கடைகளை இழுத்து மூடச் சொன்னார்கள். வெளியூர் ஆட்கள் வந்து தங்கும் ஹோட்டல்களையும் மூடச் சொன்னார்கள். பெரியவரின் மகன் அப்படி ஒரு ஹோட்டலின் வரவேற்பு மேசையில் இருந்தவன். கோட்டும் சட்டைப்பையில் பெயர்ப் பட்டையுமாகப் போய் வந்தவனை ஒரு நாள் கூப்பிட்டு, நிலைமை சரியானதும் சொல்லி அனுப்புகிறோம் என்று கைகழுவிவிட்டார்கள்.

அன்று பெரியவர் சொன்னது இதுதான்: "காலையில எப்பவும் போலக் கிளம்பு. கோட்டைப் போட்டுக்க. இன்னிக்கோ நாளைக்கோ வேற வேலை கிடைச்சிரும். நடுவுல நாலு பேருக்கு எதுக்குத் தெரியணும்?"

மகன் தலையாட்டினான். மறுநாளிலிருந்து எப்போதும் போலக் கிளம்பிப் போய், எப்போதும் போலத் திரும்பி வந்தான். நாள்கள் வாரங்களாகி, வாரங்கள் மாதமாகியும் அந்த வேறு வேலை மட்டும் வரவில்லை.

அப்போதுதான் நகராட்சி வண்டி ஒலிபெருக்கியோடு தெருவில் வந்தது. நோய் ஓயும் வரை எந்த வீட்டுக்காரரும் வாடகையை உயர்த்திக் கேட்கக் கூடாது, யாரையும் காலி செய்யச் சொல்லக் கூடாது என்று திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டு ஊர்ந்தது. பெரியவர் எழுந்துபோய் ஜன்னலைச் சாத்தினார்.

"நமக்கு இல்ல இதெல்லாம்" என்றார்.

மருமகள் தையல் மிஷினில் முகக்கவசம் தைத்துக்கொண்டிருந்தாள். ஒரு நாளைக்கு ஒரு மூட்டை. வீட்டில் இப்போது புதிதாக வருகிற காசு அது மட்டும்தான். "நமக்காகத்தான் மாமா சொல்றாங்க. ஓனருக்காகவா சொல்றாங்க?" என்றாள் தலை நிமிராமல்.

"இத்தனை வருஷம் போனவன் இந்த வருஷம் போகலைன்னா அவர் என்னம்மா நினைப்பாரு? என்னாச்சு, ஏதாச்சுன்னு விசாரிப்பாரு. அப்புறம் இவன் வேலை போனது ஊருக்கே தெரியும்."

"தெரிஞ்சா தெரியட்டுமே."

பெரியவர் இஸ்திரிச் சட்டையை மாட்டிக்கொண்டார். பென்ஷன் பணத்திலிருந்து எடுத்துக்கொண்டு மேலே போனார்.

வீட்டுக்காரர் சுற்றுலா பஸ் இரண்டு வைத்திருந்தவர். சுற்றுலா போக ஆளே இல்லாத காலம். கண்ணெல்லாம் உள்ளே போயிருந்தது. "வேண்டாம் பெரியவரே, உத்தரவு வந்திருக்கு" என்றார்.

"நீங்க கேக்கக் கூடாதுன்னுதானே உத்தரவு? நான் தர்றதுக்கு யாரைக் கேக்கணும்?"

வீட்டுக்காரரின் கை தயங்கி, பிறகு நீண்டது. "உங்களை மாதிரி நாலு பேர் இருந்தா எனக்கு ஏன் இந்தக் கஷ்டம்?" என்றார். அந்த ஒரு வார்த்தை போதுமாயிருந்தது. நிறைந்த மனதோடு இறங்கி வந்தார் பெரியவர்.

அடுத்த வாடகைத் தேதி நெருங்கும்போது, ஒரு காலையில் வாசலில் தள்ளுவண்டிச் சத்தம் கேட்டது. எட்டிப் பார்த்தார். முடிதிருத்துபவரின் பெரிய சுழல் நாற்காலி வண்டியில் கயிறு போட்டுக் கட்டப்பட்டிருந்தது. கடை அடுத்த தெருவில். அங்கிருந்து தள்ளிக்கொண்டு வந்தவர் தண்ணீர் குடிக்க வீட்டு வாசலில் நின்றிருந்தார். பெரியவர் அவரைக் கத்திரி என்றுதான் கூப்பிடுவார். பெயருக்குப் பெயர்.

"என்ன கத்திரி, ஊர்வலமா?"

"ஆமாங்கய்யா. ராஜா இறங்கிட்டாரு, சிம்மாசனம் மட்டும் போகுது" என்று சிரித்தார் கத்திரி. "பழைய சாமான்காரன் எடுத்துக்கறேன்னான்."

"இதை வித்துட்டா நாளைக்குக் கடை திறக்கும்போது என்ன செய்வ?"

"நின்னுக்கிட்டே வெட்டிக்கச் சொல்றேன். நீங்க உக்காந்தாலும் நின்ன மாதிரிதானே இருப்பீங்க."

கத்திரியின் மனைவி சொம்போடு வாசல்படியில் நின்றிருந்தாள். அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. "விளையாட்டு போதும். ஐயாகிட்ட உள்ளதைச் சொல்லுங்க" என்றாள். கணவர் வண்டிக் கயிற்றை இறுக்கிக் கட்டத் தொடங்கவே அவளே சொன்னாள்: "ஓனர் வந்தாருங்க. நடு மாடிப் பெரியவரு, ரிட்டயர்டு ஆளு, அவரே தானா மேல வந்து ஏத்திக் குடுத்துட்டுப் போறாரு, உழைக்கிற ஆளு உனக்கென்னன்னாரு."

"கேக்கக் கூடாதுன்னு உத்தரவு இருக்கேம்மா?"

"கேக்கலையே!" என்றார் கத்திரி. "உங்க கதையைத்தான் சொன்னாரு. கதை சொல்லக் கூடாதுன்னு உத்தரவுல இல்லைங்களே."

"உத்தரவு என்ன ஆயுசுக்குமா இருக்கப்போகுது, அது முடிஞ்சதும் யாருக்கு வீடு, யாருக்கு இல்லைன்னு பாத்துக்கலாம்னும் சொல்லிட்டுப் போனாருங்க" என்றாள் அவள். "இந்த மாச வாடகையை நாற்காலிய வச்சு அடைச்சிடுவோம். அதுக்கு மேல முடியாது. நாளைக்கே எங்க அண்ணன் வீட்டுக்குப் போயிடறோம். அவங்களே இடமில்லாம நடையில படுக்கறாங்க. என்ன பண்றது?"

வண்டி நகர்ந்தது. பெரியவர் படியேறி வீட்டுக்குள் வந்து மின்விசிறியின் கீழ் உட்கார்ந்தார். யாரும் கேட்காமலே பேசினார்.

"கஷ்டம்னா உத்தரவைக் காட்டி, முடியாதுன்னு நிமிர்ந்து சொல்ல வேண்டியதுதானே? நான் குடுத்தா அவனும் குடுக்கணுமா? அது அவன் பாடு."

தையல் மிஷின் நின்றது.

"மாமா, உங்க பையன் பகல் பூரா எங்க இருக்காருன்னு நினைச்சுக்கிட்டிருக்கீங்க?"

"வேலை தேடிப் போறான்."

"முதல் வாரம் தேடினாரு. அப்புறம் போக எடம் இல்ல. கோட்டோட எத்தனை தெரு சுத்துவாரு? கத்திரி அண்ணன் கடைச் சாவியைக் குடுத்தாரு. ஷட்டரைப் பாதி இறக்கி விட்டுட்டு உள்ளதான் உக்காந்திருக்காரு, இத்தனை நாளா. அந்த நாற்காலியில. மத்தியானச் சாப்பாடு யாரு குடுத்தனுப்பறாங்க தெரியுமா? கீழ் வீட்டு அக்காதான்."

பெரியவர் மிஷின் பக்கம் திரும்பினார். "அப்போ அவங்களுக்குத் தெரியுமா?"

"முதல் நாள்லேர்ந்தே தெரியும். ஒருத்தர்கிட்டயாவது சொன்னாங்களா? ஓனர் உங்களைச் சொல்லி மடக்கும்போது, அவர் பையனுக்கே வேலை இல்லைன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா அவங்க தப்பிச்சிருக்கலாம். சொல்லலையே, மாமா."

மிஷின் மறுபடி ஓடத் தொடங்கியது. ஒரு குடும்பத்தின் மானத்தை அந்தக் குடும்பத்து ஆட்கள் காப்பது கடமை. அதில் பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. ஊரான் ஒருவன் தன் வீட்டைப் பறிகொடுத்து அதைக் காப்பது வேறு சங்கதி. அந்தப் பாரத்தைத் தாங்கிக்கொண்டு எந்த மேல் மாடிக்கு இஸ்திரிச் சட்டையோடு ஏறுவது?

சாயங்காலம் மகன் வந்தான். கோட்டைக் கழற்றி ஆணியில் மாட்டினான். கழுத்துப்பட்டை வியர்வையில் நனைந்து கறுத்திருந்தது.

"உக்காரு" என்றார் பெரியவர். "நான் மேல போய், ஏத்திக் குடுத்ததை நிறுத்திக்கறேன்னு சொல்லப்போறேன். ஏன்னு கேப்பாரு. உன் விஷயத்தைச் சொல்ல வேண்டியிருக்கும்."

மகன் மனைவியைப் பார்த்தான். அவள் நூலைப் பல்லால் கடித்து அறுத்துக்கொண்டிருந்தாள்.

"சொல்லிடுங்கப்பா" என்றான். "எனக்கும் அலுத்துப்போச்சு. இன்னிக்கு பூரா தரையில உக்காந்திருந்தேன்."

"உன் நல்லதுக்குத்தான்..."

"தெரியும்பா. போயிட்டு வாங்க."

கதவைத் திறந்த வீட்டுக்காரர் பனியனோடு நின்றிருந்தார். கையில் இருந்த போனில் கடன் கொடுத்தவர் யாரோ கத்திக்கொண்டிருந்தது வெளியே கேட்டது. அதை அணைத்துவிட்டு, "வாங்க பெரியவரே" என்றார்.

"உள்ள வரலை தம்பி. நான் ஏத்திக் குடுத்தேனே, அது இனிமே வேண்டாம். பழைய வாடகையே தர்றேன்."

"ஏன், கீழ் வீட்டுக்காரன் வந்து அழுதானா? அவனுக்காகப் பாவம் பாக்கறீங்களா?"

ஆமாம் என்று சொல்லிவிட்டு இறங்கியிருக்கலாம். அடுத்தவனுக்காக விட்டுக்கொடுத்த பெருந்தன்மை அவர் கணக்கில் ஏறியிருக்கும். மகனின் கோட்டும் நாளைக்கு வழக்கம் போலத் தெருவில் நடந்திருக்கும். வீட்டுக்காரரே வழியைத் திறந்து வைத்து நின்றார். ஆனால் பாவம் பார்த்தது பெரியவர் அல்லவே. பாவம் பார்த்தது கீழ் வீடு.

"அவனுக்காக இல்ல" என்றார். குரல் படிக்கட்டு முழுக்கக் கேட்டது. "என் பையனுக்கு வேலை போயி மாசக்கணக்காச்சு. எங்களால முடியலை. அந்த உத்தரவு எங்களுக்கும் சேத்துத்தான்."

வீட்டுக்காரர் கீழே நடு மாடிப் பக்கம் எட்டிப் பார்த்தார். "தினமும் கோட்டு போட்டுக்கிட்டுப் போறாரே?"

"போறான். நான்தான் போகச் சொன்னேன்."

வீட்டுக்காரர் கதவு நிலையில் சாய்ந்துகொண்டார். சிரிக்கிறாரா இல்லையா என்று சொல்ல முடியாத ஒரு முகம். "என் பஸ் ரெண்டும் ஓடலை. ஆனாலும் தினம் காலையில போய் ஸ்டார்ட் பண்ணிட்டு வர்றேன் பெரியவரே. சத்தம் கேக்கலைன்னா கடன்காரன் வந்துடுவான்." பிறகு, "வாங்கினது செலவாயிருச்சு. திருப்பித் தர எங்கிட்ட இல்ல" என்றார்.

"அது கிடக்கட்டும். கீழ வந்து அவங்ககிட்ட ஒரு வார்த்தை சொல்லுங்க."

"நான் போய் அவங்ககிட்ட நின்னா எனக்கு மரியாதையா இருக்குமா?"

"எனக்கு மட்டும் இங்க நிக்க நல்லாவா இருக்கு?"

இருவரும் இறங்கினார்கள். யாருக்கும் அவசரம் இல்லை.

கீழ் வீட்டுக் கதவு திறந்திருந்தது. பாத்திரங்கள் சாக்குப் பையில் போய்விட்டன. துணி மூட்டை கட்டியாகிவிட்டது. கத்திரி அலமாரியின் மேல் தட்டைத் துழாவிக்கொண்டிருந்தார். வீட்டுக்காரர் உள்ளே வராமல், சுவரைப் பார்த்துக்கொண்டு சொன்னார்: "பழைய வாடகையே குடுங்க. பெரியவரும் அதைத்தான் குடுக்கறாரு. நான் சொன்னதை மனசுல வச்சுக்காதீங்க."

"உத்தரவு முடிஞ்சப்புறம்?" என்றாள் கத்திரியின் மனைவி.

"அப்போ எனக்கே இந்த வீடு இருக்குமான்னு தெரியலைம்மா."

பொய்யாவது சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. அதனால்தானோ என்னவோ அவள் அதை நம்பினாள். ஆனாலும் எழுந்திருக்கவில்லை. மூட்டையின் மேல் கையை வைத்தபடி, "அவுக்கறதா வேண்டாமான்னு யாராவது முடிவாச் சொல்லுங்க. கட்டிக் கட்டிக் கை போச்சு" என்றாள்.

"அவுத்துடும்மா" என்றார் பெரியவர். உத்தரவு போடுகிற குரல்தான் அவருடையது. அன்று அது வேண்டிக் கேட்பது போல வந்தது. நன்றி என்றோ மன்னிப்பு என்றோ ஒரு சொல் அதற்குப் பின்னால் வர வேண்டியிருந்தது. அவர் வாய்க்கு அந்தப் பழக்கம் இல்லை. அவளும் எதிர்பார்த்ததாகத் தெரியவில்லை. முடிச்சை நோண்ட ஆரம்பித்தாள்.

படியில் காலடி கேட்டது. வெறும் பனியனும் கைலியுமாக மகன் இறங்கி வந்தான். பெரியவரைத் தாண்டி உள்ளே போய், முடிச்சின் மறுபக்கத்தைப் பிடித்தான். பக்கத்து வீடுகளின் ஜன்னல்களில் இரண்டு மூன்று தலைகள் தெரிந்தன.

"ஏன் தம்பி" என்றார் கத்திரி அலமாரிப் பக்கமிருந்து, "நாளைக்குச் சாவி வேணுமா?"

"வேண்டாண்ணே. வீட்டுலயே இருந்துக்கறேன்."

அவன் குரலைத் தாழ்த்திச் சொல்லவில்லை. வாசலில் நின்றவர்களுக்கும் கேட்டது, ஜன்னலில் நின்றவர்களுக்கும் கேட்டது. பெரியவர் அவனை அதட்டவில்லை.