முதலாளியம்மா கதவைத் திறக்கவில்லை

1

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இந்தக் கதையில் கால்வாசிதான் நிஜம். என் தங்கை மகளை அழைத்துவர ஒரு மழலையர் பள்ளிக்குப் போயிருந்தேன். அங்கே ஒரு டீச்சர் மரக்கட்டை ஒன்றைச் சோப்பு என்று சொல்லி விலை பேசிக்கொண்டிருந்தார். நான்கு வயதுக் கடைக்காரி கறாராக நின்றாள். அழைத்துப்போக வந்த அவள் அம்மாவுக்குப் பொறுக்கவில்லை. "அதெல்லாம் இருக்கட்டும், அந்தக் கட்டைக்கு எத்தன பக்கம்? சொல்லு பாப்போம்" என்றார். கடைக்காரி கடையைச் சாத்திவிட்டாள்.

நான் பார்த்தது இவ்வளவுதான். மற்றதெல்லாம் என் கைச்சரக்கு.

2

முதல் தொடக்கம்: "விளையாட்டின் வழியாகவே குழந்தை இந்த உலகத்தை..."

வேண்டாம். கருத்தரங்கில் டீ வருவதற்கு முன் பேசுகிற பேச்சு இது.

இரண்டாவது: "அன்று காலையிலிருந்தே வானம்..." எனக்கே கொட்டாவி வருகிறது.

மூன்றாவது: "உள்ளே தாழ்ப்பாள் விழும் சத்தம் கேட்டது."

இது இருக்கட்டும்.

3

தாழ்ப்பாள் விழுந்தது சாமான் அறையில். உள்ளே இருந்தது முதலாளியம்மா. கடை விளையாட்டில் கல்லாவை யாருக்கும் விட்டுக்கொடுக்காததால் அந்த நான்கு வயதுக் கடைக்காரிக்கு வந்த பெயர் அது. அம்மா கேள்வி கேட்டதுமே சரக்கை வாரிக்கொண்டு அந்த அறைக்குள் ஓடிவிட்டாள்.

அம்மா கதவைப் படபடவென்று தட்டினார். "நீ இப்ப வெளிய வரியா இல்லையா?"

டீச்சர் கதவின் கண்ணாடிச் சதுரம் வழியாகப் பார்த்தார். பார்த்தவர் அம்மாவின் கையை இறுகப் பிடித்துக்கொண்டார். கதவை ஒட்டி நின்ற உயரமான மர அலமாரியின் உச்சித் தட்டில் குழந்தை உட்கார்ந்திருந்தாள். அம்மா தட்டிய ஒவ்வொரு முறையும் அலமாரி முன்னும் பின்னும் ஆடியது. அதைச் சுவரோடு சேர்த்து ஆணி அடிக்க வேண்டும் என்று டீச்சர் பள்ளி திறந்த நாளிலிருந்து சொல்லிக்கொண்டிருந்தார். சொல்லிக்கொண்டு மட்டும் இருந்தார்.

"தட்டாதீங்க. கதவ இடிச்சா அலமாரி அவளோட சாஞ்சிடும்."

"அப்ப என்னதான் பண்றது?"

"அவளா எறங்கித் தெறக்கணும். வேற வழியில்ல."

டீச்சர் குரலை மாற்றிக்கொண்டார். "கடைக்காரம்மா! சோப்பு இருக்குங்களா? நடுத்தட்டுல பாருங்களேன்."

உள்ளேயிருந்து குரல் வந்தது: "இருங்க, வரேன்." ஒரு கால் கீழ்நோக்கித் துழாவியது. ஒரு தட்டு இறங்கினாள். இன்னொன்று.

அம்மாவால் சும்மா இருக்க முடியவில்லை. "அப்படித்தான் கண்ணு! மேலேர்ந்து எத்தனாவது தட்டு இது? எண்ணிச் சொல்லு!"

கால் நின்றது. மேலே ஏறிப் போய்விட்டது.

[இந்த அம்மாவைப் பற்றி எனக்குச் சந்தேகம். வில்லியாக்கினால் கதை தானாக ஓடும். ஆனால் அவர் பத்தாம் வகுப்புக்குக் கணக்குப் பாடம் எடுப்பவர். ஒரே ஒரு பதில் தப்பிப் பிள்ளைகள் தடுக்கி விழுவதைத் தினமும் பார்ப்பவர். போன வாரம் பெரிய பள்ளியின் சேர்க்கைத் தேர்வில் மகள் வாயே திறக்கவில்லை. அதிலிருந்து அவருக்குத் தூக்கமில்லை. அன்பு அவரிடம் கேள்வியாகத்தான் வருகிறது. எனக்கு அவரைப் பிடித்திருக்கிறது.]

4

முடிவு அ: அம்மா பொறுமையிழந்து கதவை உதைக்கிறார். அலமாரி மெல்லச் சாய்ந்

மாட்டேன். எழுத மாட்டேன்.

முடிவு ஆ: காவலாளி ஜன்னல் கம்பியை அறுத்து உள்ளே குதிக்கிறார். குழந்தை பத்திரம். வீட்டுக்குப் போகும் வழியில் அம்மா கேட்கிறார்: "அந்த மாமா எத்தன கம்பி அறுத்தாரு?"

இதுவும் வேண்டாம்.

5

டீச்சர் மறுபடி கூப்பிட்டார். மளமளவென்று அவளை இறக்கிவிட்டார். சீப்பு, டப்பா, துணி என்று ஒவ்வொன்றாகக் கேட்டு, கடைசித் தட்டுவரை கொண்டுவந்துவிட்டார். இன்னும் ஒரு கால் தரையில் வைத்தால் தாழ்ப்பாள் கைக்கு எட்டும்.

அப்போது முதலாளியம்மா சொன்னாள்: "உங்களுக்குக் குடுத்தாச்சு. அடுத்த ஆள் வாங்க."

டீச்சர் திரும்பி அம்மாவைப் பார்த்தார். "நீங்கதான். கேள்வி மட்டும் கேக்காதீங்க. ஏதாவது வாங்குங்க."

அம்மா வாயைத் திறந்தார். வாய்க்கு வந்ததெல்லாம் கேள்வியாகவே வந்தது. ஒவ்வொன்றையும் விழுங்கினார்.

"கடைக்காரம்மா..." மகளிடம் பேசும் குரலாக அது இல்லை. "எனக்குப் பயமா இருக்குங்க. பயம் போறதுக்கு ஏதாச்சும் குடுங்க."

நடிப்பில்லை. 

உள்ளே முதலாளியம்மா யோசித்தாள். இதுவரை யாரும் அவளிடம் இதைக் கேட்டதில்லை.

"இருக்குங்க" என்றாள் அன்போடு. "ஆனா அது பரண்ல இருக்கு. நீங்க அழாதீங்க, நான் ஏறி எடுத்துட்டு வரேன்."

6

இந்த இடத்தில் என் பேனா நின்றுவிட்டது. அம்மா ஒருமுறை உண்மையைக் கேட்டார். அதுவே குழந்தையை அலமாரியையும் தாண்டி ஏற வைக்கிறது. "வேண்டாம், எறங்கு!" என்று கத்தினால் கடை மூடிவிடும். டீச்சரின் முறை முடிந்துவிட்டது. அவள் வரிசையை மீற மாட்டாள். அடுத்த ஆள் யார் என்று பார்த்தால், இவ்வளவு நேரம் இதைப் படித்தபடி பின்னால் நின்று வேடிக்கை பார்த்தவர் நீங்கள்தான்.

முன்னால் வாருங்கள். கீழ்த்தட்டில் இருக்கிற ஒன்றைக் கேளுங்கள். உங்களுக்கு நிஜமாகவே அது வேண்டும் என்று அவள் நம்ப வேண்டும். அவள் நடுத்தட்டைத் தாண்டிவிட்டாள், அலமாரி ஆடுகிறது, கேளுங்கள்.