தண்ணீருக்குச் செலவில்லை

அந்த முப்பத்தெட்டாம் வருஷம் ஆனி பாதி கழிந்தும் குற்றாலத்தில் சாரல் இறங்கவில்லை. செல்லச்சாமி முதலாளியின் பங்களாத் தோட்டத்து நீச்சல் தொட்டி பாசி பிடித்துக் கிடந்தது. மற்ற வருஷங்களில் வாய்க்கால் தண்ணீர் ஒரு பக்கம் புகுந்து மறுபக்கம் வழிந்துகொண்டே இருக்கும். தொட்டியைப் பற்றி யாரும் யோசித்ததில்லை. இப்போதோ வெள்ளிக்கிழமை மதராஸிலிருந்து ஒரு வக்கீல் குடும்பம் சீசனுக்கு வருகிறது.

"நீதான் தென்காசியில சாயங்கால வகுப்புக்குப் போயி ரசாயனம் படிக்கியே. என்ன மருந்து போடணும், எவ்வளவு ஆகும்னு பாத்துச் சொல்லுடே" என்றார் முதலாளி, தம் குமாஸ்தா சிவசைலத்திடம்.

சிவசைலத்துக்குத் தன் கணக்கின்மேல் என்றுமே நம்பிக்கை கிடையாது. கயிறு போட்டு அளந்தான். நீளம் நாற்பது அடி, அகலம் இருபது, சராசரி ஆழம் ஐந்து. இருபத்தையாயிரம் காலன் தண்ணீர் பிடிக்கும். நாளுக்கு ஒரு ராத்தல் பிளீச்சிங் பவுடர், வக்கீல் குடும்பம் தங்கும் ஒரு மாதத்துக்கு முப்பது. ஈரக்காற்றில் வீரியம் குறையுமே என்று இன்னும் பத்து சேர்த்தான். கலங்கலைத் தெளிய வைக்கப் படிகாரம் இருபத்தெட்டு ராத்தல். மொத்தம் பதினோரு ரூபாய். தப்பாக இருக்குமோ என்று மூன்று தடவை சரிபார்த்தான். மாற்றுவழி காட்டாத கணக்கு அரைக்கணக்கு என்று வகுப்பில் சொல்லியிருந்ததால், தொட்டியைக் காலி செய்து வாய்க்காலை ஒன்றரை நாள் திருப்பினால் நிரம்பும் என்பதையும் கீழே எழுதினான். அதற்கு எதிரே, தண்ணீருக்குச் செலவில்லை என்று போட்டான். குற்றாலத்தில் பிறந்தவன் தண்ணீருக்கு வேறு என்ன விலை போடுவான்?

முதலாளி கீழ்வரியை மட்டும் படித்தார். வாய்க்கால் மடையைக் காவல் காப்பவனும் அவருடைய ஆள்தான்.

மறுநாள் காலை, தான் தங்கியிருந்த அக்கா முத்துவடிவு வீட்டிலிருந்து கிளம்பியவன் வாய்க்காலைப் பார்த்து நின்றுவிட்டான். அடியில் மணல் தெரிந்தது. கீழே ஒவ்வொருவர் வயலுக்கும் எட்டு நாளைக்கு ஒருதரம் வரும் முறைத்தண்ணீர். இன்று காலையிலிருந்து நாளைச் சாயங்காலம்வரை அத்தான் குத்தாலிங்கத்தின் முறை. நாற்றங்கால் ஏற்கெனவே வெடிப்பு விட்டிருந்தது.

பங்களாவுக்கு ஓடினான். தொட்டி பாதி நிரம்பியிருந்தது.

"முதலாளி, மடையைத் தெறந்து விடச் சொல்லுங்க. கீழ நாத்தெல்லாம் காயுது. மருந்தே போட்டுக்கிடலாம். என் சம்பளத்துல பிடிச்சிக்கிடுங்க."

"ஏலே, வக்கீல் புள்ளைய முழங்கால் தண்ணியிலயா முங்கும்? நீ போட்ட கணக்குத்தான. இன்னைக்குப் பொழுதும் ராத்திரியும் போனா நெறஞ்சிரும். போ."

நிறையும்போது முறையில் மிச்சம் என்ன இருக்கும் என்று அவன் மனம் தானாகவே கணக்குப் போட்டது. அரை நாள். வறண்ட வாய்க்கால் மணலே அதைக் குடித்துவிடும். அடுத்த முறைவரை நாற்று நிற்காது. மறுபடி விதைக்க அக்கா வீட்டில் விதைநெல்லும் இல்லை.

திரும்பி வந்தபோது குத்தாலிங்கம் வரப்பில் மண்வெட்டியோடு நின்றுகொண்டிருந்தார்.

"பங்களாத் தொட்டிக்காம்லா, மாப்ளே! மருந்தவிடத் தண்ணி சல்லிசுன்னு எவனோ எழுதிக் குடுத்திருக்கான். எந்தப் புண்ணியவான்னு தெரியல."

"நான்தான் அத்தான்."

குத்தாலிங்கம் அவனையே பார்த்தார். கோபம் வரும் என்று சிவசைலம் காத்திருந்தான். வரவில்லை.

"சரியாப் பாத்துப் போட்டியா?"

"மூணு தடவை பாத்தேன்."

அவர் தலையை ஆட்டிக்கொண்டார். மண்வெட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு, நாற்றங்கால் பக்கம் திரும்பாமலே வீட்டுக்கு நடந்தார்.