எட்டு இறைப்பு

1984ஆம் ஆண்டு தைப்பொங்கல் முடிந்த ஆறாம் நாள், காங்கேசன்துறைக் கடற்கரை வீட்டில் முதன்முதலாகக் கண்விழித்த சோமசேகரத்துக்கு இரண்டு கெண்டைக்காலும் உளைந்தன. தொடை நடுங்கியது, உள்ளங்கால் எரிந்தது. அன்று அவர் தூக்கியது ஒரு தேத்தண்ணிக் கோப்பை மட்டும்தான். மூன்று மணித்தியாலம் கிணற்றுத் துலா மிதித்தவனுக்கு வருகிற உளைவு அது. முப்பது வருஷம் மிதித்தவருக்கு அதை வேறொன்றாக எண்ண வழியில்லை. அதே காலையில், ஆறு கட்டை தூரம் தள்ளி உடுவில் தோட்டத்துப் பங்குக் கிணற்றில், மேலே ஆள் இல்லாமலே துலா தாழ்ந்து எழும்பித் தண்ணீர் இறைத்துக்கொண்டிருந்தது.

அயலெல்லாம் மண்ணெண்ணெயில் ஓடும் தண்ணீர் மெஷின் வந்து இருபது வருஷமாகியும் அந்தக் கிணற்றில் துலா நின்றதற்குக் காரணம், மெஷினை யார் வீட்டில் வைப்பது என்பதில் பங்காளிகள் ஒத்துவராததுதான். ஒருவர் துலாவில் ஏறி முன்னும் பின்னும் நடப்பார். அவருடைய பாரத்தில் வாளி தாழும், எழும்பும். மற்றவர் கிணற்று விளிம்பில் நின்று வாளியைப் பிடித்துக் கவிழ்ப்பார். ஒருவர் தோட்டத்துக்கு மற்றவர் மிதித்துக் கொடுப்பது வழக்கம். அதற்குக் கூலி இல்லை. ஒரு காலைப்பொழுது மிதித்தால் ஓர் இறைப்பு. அதை மிதித்துத்தான் தீர்க்க வேண்டும். முந்திய வருஷக் கடைசியில் சோமசேகரம் நெருப்புக்காய்ச்சலில் கிடந்தபோது, பங்காளி ஆழ்வாப்பிள்ளை அவருடைய வெங்காயத்துக்குப் பத்தொன்பது இறைப்பு மிதித்தார். வெங்காயம் சுன்னாகம் சந்தையில் நல்ல விலைக்குப் போனது. காய்ச்சல் விட்ட கையோடு சோமசேகரம் வீடு மாறினார். சீமெந்து ஆலையில் லொறி நிறுக்கும் பகுதிக்கு அப்போதுதான் தலைமை எழுதுவினைஞர் ஆகியிருந்தார்; மனைவி குணலட்சுமியின் தமையன் நைஜீரியாவிலிருந்து அனுப்பிய காசில் கடலைப் பார்த்த வீடு, விறாந்தையில் சாய்மனைக் கதிரை, அயலெல்லாம் என்ஜினியர்மார். பத்தொன்பது இறைப்பைப் பற்றி அவர் மூச்சு விடவில்லை. ஆகவே அவருடைய பாரம் சாமான் லொறியில் ஏறாமல் தோட்டத்திலேயே நின்றுவிட்டது.

பாரம் இல்லாமலும் மனிதன் சீவிக்கலாம். சாப்பிட்டார், கையெழுத்துப் போட்டார். சாய்மனைக் கதிரையின் துணி மட்டும் பள்ளம் விழவில்லை. ஆலையில் மூட்டை நிறுக்கிற தட்டில் ஏறிப் பார்த்தார், முள் அசையவில்லை. லொறிச் சாரதி சிமியோன், "ஐயா, சம்பளத்தையாவது நிறுத்து வாங்குங்கோ" என்றான். வெட்கத்தில் முதலில் குறுகியவள் குணலட்சுமி. தினமும் விடியற்காலையில் கடற்கரையில் என்ஜினியர்மார் பெண்சாதிமாரோடு உலாவுவார்கள், இவர்களும் போனார்கள், ஈரமணலில் அவளுடைய அடி மட்டும் விழுந்தது.

"இஞ்சருங்கோ, புருசனில்லாதவள் நடந்த மாதிரியெல்லோ கிடக்கு. தோட்டமோ கடலோ, ஒண்டைச் சொல்லுங்கோ."

"கடல் எண்டு சொல்லித்தானே வந்தனான்."

"வாய் சொல்லிச்சுது. கால் சொல்லேல்லை."

கடற்கரை வீட்டில் பத்தாம் நாள் ஆழ்வாப்பிள்ளை ஒரு பிடி வெங்காயத்தைச் சைக்கிளில் கட்டிக்கொண்டு வந்தார். பக்கத்து வீட்டு என்ஜினியர் பூமரத்துக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டு நின்றபடியால், சோமசேகரம் அவரைப் படலையடியிலேயே வைத்துக் கதைத்தார்.

"உன்ரை பாரம் வடிவா மிதிக்குது தம்பி. உன்னைவிடத் திறம், சுருட்டுப் பத்தவும் இறங்காது" என்று ஆழ்வாப்பிள்ளை சிரித்தார். "நாளையோடை பதினொண்டு. மிச்சம் எட்டு. முடிஞ்சால் தன்ரை பாட்டிலை வரும். அதுக்கு முதல் கூப்பிட்டிடாதை. நிறைவாளி ஏறேக்கை நீ கூப்பிட்டியெண்டால் நான் கிணத்துக்கை."

"ஓம் அண்ணை" என்றார் சோமசேகரம். உள்ளே வாங்கோ என்று சொல்லவில்லை.

பன்னிரண்டாம் நாள் காலை கடற்கரையில் அந்த என்ஜினியர் மணலைப் பார்த்துவிட்டு நின்றார். "மிஸ்டர் சோமசேகரம், மற்ற எல்லாருடைய காலும் தெரியுது. நீர் எங்கே நடக்கிறீர்?" என்றார். அவருடைய பெண்சாதி வாயைப் பொத்திக்கொண்டாள். குணலட்சுமி கடலைப் பார்த்தாள். சோமசேகரத்தின் கெண்டைக்கால் அப்போது இறுகி நின்றது. வாளி நிறைந்து ஏறுகிறது என்று அதற்கு அர்த்தம். அது அவருக்குத் தெரியும். கால் இளகும் வரை ஒரு மூச்சுப் பொறுத்திருந்தால் வாளி கவிழ்ந்திருக்கும். அவர் பொறுக்கவில்லை. "வா" என்றார். பாரம் வந்தது. இரண்டு காலும் கணுக்கால் முட்ட மணலில் புதைந்தன. "ஆ, இப்ப சரி" என்று என்ஜினியர் நடந்தார்.

உடுவிலில் துலாவின் தலை கிணற்றுக்குள் குத்தியது; வாளியை விடாமல் பிடித்திருந்த ஆழ்வாப்பிள்ளையும் கூடப் போனார். தூக்கி எடுத்தபோது இடது கால் இரண்டு இடத்தில் முறிந்திருந்தது. முறிவு வைத்தியர் கட்டினார். கால் நாலு விரல் கட்டையாகப் பொருந்தியது. கேட்டவர்களுக்கெல்லாம் ஆழ்வாப்பிள்ளை, "கை வழுக்கிப்போச்சு" என்றே சொன்னார். சோமசேகரம் சிமியோனிடம் அவருக்குக் காசு கொடுத்தனுப்பினார். "காசை ஆர் கேட்டது?" என்ற கேள்வியோடு அது திரும்பி வந்தது. அதன்பிறகு ஆறு வருஷம் அவர் உடுவில் பக்கம் போகவில்லை. செத்தவீடுகளுக்குக் குணலட்சுமி போனாள். அவர் சதை வைத்தார். சாய்மனைக் கதிரைக்கு இரண்டு முறை துணி மாற்ற வேண்டியிருந்தது.

தொண்ணூறாம் ஆண்டு ஆனியில் கடற்கரையில் ஷெல் விழுந்தது. வீதி முழுவதும் ஒரே நாளில் வெளிக்கிட்டது. சோமசேகரமும் மனைவியும் ஒரு சூட்கேசோடு உடுவிலுக்கு வந்து, போக வேறு இடமில்லாமல், ஆழ்வாப்பிள்ளையின் படலையில் நின்றார்கள். அவருடைய மனைவி நல்லம்மா, "என்ன தம்பி, கடல் வத்திப்போச்சே?" என்று கேட்டுவிட்டு, இரண்டு பேருக்கும் குரக்கன் பிட்டு வைத்தாள். ஆழ்வாப்பிள்ளை பொல்லை ஊன்றிக்கொண்டு வந்து, "உள்ளை வா" என்றார். அந்த இரண்டு சொல்லுக்கு சோமசேகரத்தால் தலை நிமிர்த்த முடியவில்லை.

மண்ணெண்ணெய் பத்து மடங்கு விலையாகி, பிறகு விலைக்கும் இல்லாமற் போனது. ஊர் மெஷின்கள் எல்லாம் வாய் மூடின. துலா நின்ற ஒரே கிணற்றுக்கு மற்றத் தோட்டக்காரரும் முறை கேட்டு வந்தார்கள். அப்படி வந்த மூன்றாம் நாள் காலை சோமசேகரம் வேட்டியை மடித்துக் கட்டி, "எட்டுக் கிடக்கு அண்ணை" என்று முதல்முறையாக வாய்விட்டுச் சொல்லித் துலாவில் ஏறினார். நுனிவரை நடந்தார். துலா தாழவில்லை. காகமொன்று வந்து குந்தியது. துலா சற்று ஆடியது. அது காகத்துக்கு.

அவர் மணலில் அழைத்து எடுத்த பாரம் கடற்கரையை விட்டு வரவில்லை. வெயிலில் நிற்கும்போதே முதுகில் சாய்மனைத் துணி குளிர்ந்தது, பிடரியில் கடற்காற்று பட்டது. அந்த வீதியோ இராணுவத்தின் எல்லைக்குள் போய்விட்டது. ஒருவரும் போக முடியாது. ஒவ்வொரு காலையும் வடக்கே பார்த்து "வா" என்று கூப்பிட்டார். "அதுக்கு அங்கை பழகிப்போச்சு. நீதானே பழக்கினனீ" என்றார் ஆழ்வாப்பிள்ளை. கோபமாகச் சொல்லவில்லை, சொல்லியிருந்தால் சோமசேகரத்துக்குச் சுகமாயிருந்திருக்கும். ஐந்து வருஷம் அவர் கொத்தினார், புல்லுப் பிடுங்கினார், வாய்க்காலில் பாத்திக்குப் பாத்தி தண்ணீர் மாறினார். எல்லாவற்றையும் ஆழ்வாப்பிள்ளை வாங்கிக்கொண்டார். இறைப்பாக ஒன்றையும் கணக்கில் எடுக்கவில்லை.

தொண்ணூற்றைந்து ஐப்பசியில் இராணுவம் முன்னேற, உடுவில் அடங்கலும் வலிகாமத்துச் சனம் முழுவதும் தென்மராட்சிக்கு நடந்தது. ஆழ்வாப்பிள்ளையைச் சைக்கிளில் இருத்தி சோமசேகரம் உருட்டினார். சேற்றில் சைக்கிள் தடமும் இரண்டு பெண்களின் அடிகளும் விழுந்தன. குணலட்சுமி இப்போதெல்லாம் திரும்பிப் பார்ப்பதில்லை. கொடிகாமத்தில் தங்கிய வளவில் ஒரு துலா இருந்தது. விடிந்ததும், "ஒருக்கா ஏறிப் பாரன்" என்றார் ஆழ்வாப்பிள்ளை. சோமசேகரம் ஏறி நுனிவரை நடந்தார். துலா அசையவில்லை. தண்ணீருக்கு நின்ற சனம், அவர் இறங்கும்வரை பொறுத்திருந்துவிட்டு, தங்கள் குடங்களை நிரப்பியது. சோமசேகரம் ஆழ்வாப்பிள்ளைக்கு எட்டு இறைப்புக் கொடுக்க வேண்டும்.