மெர்டேக்கா வருடத்து லக்னம்

ஜாதகம் கணிக்கும் நிரல் எழுதப் போவதாகச் சொல்லித்தான் சீதா கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தாள். எழுதியதென்னவோ பாதிக்குமேல் நிரல் சரியா என்று பார்க்கும் சோதனைகள். காஜா பேராங் பகுதியிலிருந்த வீட்டு வரவேற்பறையில் காலை நீட்டியிருந்த பொன்னுதுரை மனைவியைச் சீண்டினான்.

"சமைக்கிறத விட உப்பு பாக்கத்தான் உனக்கு நேரம் போவுது."

சீதா அசரவில்லை. சோதனைகளை ஓரிடத்தில் அடுக்கி, ஒரே கட்டளையில் ஓட்டிப் பார்க்க அவளிடம் ஒரு சின்ன மாட்யூல் இருந்தது. வீட்டில் ஆளுக்கொரு ஜாதகம் உண்டு. ஒவ்வொன்றும் ஒரு தனிச் சோதனை. நிரல் சொல்லும் லக்னம் ஜாதகத்தோடு ஒத்துப்போனால் பச்சை, இல்லையென்றால் சிவப்பு.

எல்லோரும் பச்சை. மெர்டேக்கா வருடத்தில், அதாவது மலாயா சுதந்திரமடைந்த ஐம்பத்தேழில் பிறந்த மாமனார் அப்பாசாமி மட்டும் சிவப்பு.

"அப்பா பள்ளிக்கூடத்துலயும் இப்படித்தான்," என்றான் பொன்னுதுரை.

கொஞ்சம் தோண்டியதில் காரணம் பிடிபட்டது. அந்தக் காலத்து மலாயாவில் கடிகாரம் இன்றைக்கிருப்பதைவிட அரை மணி நேரம் பின்னால் ஓடியது. எண்பத்திரண்டில்தான் முன்னே தள்ளினார்கள். சீதா நிரலில் அதைத் திருத்தி மறுபடி ஓட்டினாள். மாமனார் பச்சையானார். பொன்னுதுரை சிவப்பாகிவிட்டான்.

அவன் பிறந்தது எண்பதில். ஜாதகம் எழுதியதோ கல்யாணத்துக்கு முன்னால்தான், அதுவும் இன்றைய கடிகாரக் கணக்கில். அந்தத் தப்பான லக்னத்தைப் பார்த்துத்தான் பத்துப் பொருத்தமும் அமோகம் என்றார் ஜோசியர்.

"அலாமாக்! அந்தச் சோதனைய அழிச்சிடு, சீதா."

"சோதனையில கை வைக்கக்கூடாதுங்க. தப்பு எதுல இருக்கோ அதத்தான் மாத்தணும்," என்றவள், அவனை மேலும் கீழும் பார்த்தாள்.