ஈஸ்டருக்குப் பிறகும் ஒருசந்தி

ஈஸ்டர் அன்று மதியம் என் வீட்டுக்காரர் எட்சன் பிரியாணித் தட்டைத் தள்ளி வைத்தபோதுதான் எனக்கு விஷயம் உறைத்தது. அதுவரைக்கும் நான் நன்றாக ஏமாந்திருக்கிறேன்.

ஈஸ்டருக்கு முந்தின நாற்பது நாள் தவக்காலத்தில் எங்கள் ஆட்களில் பலர் ஒருசந்தி இருப்பார்கள். ஒருவேளைச் சாப்பாடு, அதிலும் கறி மீன் கிடையாது. எட்சனுக்கும் அதற்கும் வெகுதூரம். பெரிய வெள்ளிக்கு மட்டும் முனகிக்கொண்டே ஒருசந்தி இருப்பார், கோயிலில் சிலுவையை முத்தி செய்துவிட்டு வந்ததும் நேராக அடுப்படிக்குப் போய்ச் சட்டியைத் திறந்து பார்ப்பார். அப்படிப்பட்ட மனுஷன் இந்த வருஷம் தவக்காலம் தொடங்கிய விபூதிப் புதனிலிருந்து தினமும் ஒருசந்தி இருந்தார். அண்ணன் செத்த துக்கம், ஆண்டவரைத் தேடுகிறார் என்று நினைத்தேன். மத்திகிரியில் எங்கள் லைன் வீட்டுப் பெண்களிடம் பெருமை வேறு அடித்துக்கொண்டேன். பங்குச் சாமியார் பிரசங்கத்திலேயே சொன்னார், நெருப்புக்கு முன்னால் நின்று வேலை செய்கிற ஒருவர் நாற்பது நாளும் உபவாசம் இருக்கிறார், ஏசி ரூமில் இருக்கிற நமக்கு என்ன கேடு என்று. எனக்கு உச்சி குளிர்ந்துபோயிற்று.

"இன்னைக்கு ஆண்டவரே எழுந்துட்டாரு. நீங்க இன்னும் என்னாத்துக்கு ஒருசந்தி?" என்றேன்.

"அது சாமிக்கு இல்ல ரூபி. எனக்கு."

"உங்களுக்கு என்ன?"

"எங்க வூட்டு ஆம்பளைங்க எவனாவது அம்பதைப் பாத்திருக்கானா?"

அது நிஜம்தான். அவருடைய அப்பா நாற்பத்தொன்பதில் நெஞ்சடைப்பில் போனார். அண்ணன் அருள்ஜோசப்பும் போன வருஷம் நாற்பத்தாறில் அப்படியே போனார். கிருஷ்ணகிரியில் சொந்தக்காரர் வீட்டுப் பிள்ளை முதல்முதலாக நற்கருணை வாங்கிய புதுநன்மை விருந்து. இலையில் கை வைத்தபடியே சாய்ந்தார். பக்கத்து இலை எட்சனுடையது. எட்சனுக்கு இப்போது நாற்பத்தைந்து. எங்கள் ஒரே மகள் சாராள் பர்கூர் இன்ஜினியரிங் காலேஜில் இரண்டாம் வருஷம் படிக்கிறாள்.

அந்த இழவிலிருந்து வந்ததுமுதல் அவர் போனில் பார்த்ததெல்லாம் ஒரே விஷயம்தான் என்று பிறகு தெரிந்தது. ஜப்பானில் ஒரு தீவாம். அங்கே நூறு வயதுக் கிழவிகள் தோட்டத்தில் களை பிடுங்குகிறார்களாம். வயிறு முழுக்க நிரம்புவதற்கு முன்னாலேயே கையைக் கழுவிவிடுவார்களாம். இத்தாலியில் ஒரு மலை ஊராம், அங்கேயும் அப்படித்தானாம். எலிக்குத் தீனியைக் குறைத்துப் போட்டால் அது மற்ற எலிகளைவிட அதிக நாள் இருக்கிறதாம்.

"அந்த எலி உங்க இரும்பு ஃபவுண்டரியில வேலை பாக்குதா?" என்று கேட்டேன்.

எட்சனுக்கு ஓசூர் பக்கம் இரும்பு வார்க்கிற கம்பெனியில் வேலை. உருக்கிய இரும்பைக் கொப்பரையில் வாங்கி அச்சில் ஊற்றுகிற செக்‌ஷன். அங்கே சும்மா நின்றாலே சட்டை நனைந்து உப்புப் பூக்கும். அந்த வேலைக்குத்தான் கேண்டீனில் அளவில்லாமல் சோறு போடுகிறார்கள். இவரோ போனில் ஒரு கணக்கு வைத்துக்கொண்டு, ஒரு நாளைக்கு ஆயிரத்து இருநூறு கலோரி என்று காலையில் அரை டம்ளர் மோரும் மதியம் வேகவைத்த சர்க்கரைவள்ளிக் கிழங்கும் கொஞ்சம் கீரையுமாக ஓட்டினார். அந்தக் கணக்கு நாள் முழுக்க நாற்காலியில் உட்கார்ந்திருக்கிற எவனுக்கோ போட்டது. இதை நான் சொன்னால், உனக்கு என்ன தெரியும் என்பார்.

எனக்கு ஒன்று தெரியும். என் அப்பா பர்கூர் பக்கம் கல்குவாரியில் கல் உடைத்தவர். காலையில் ஒரு களி உருண்டை, அதோடு சரி, மறுபடி சாயந்தரம் அடுப்பு எரிந்தால்தான் உண்டு. அந்தக் குவாரி லைனில் இருந்த எல்லாரும் அப்படித்தான். ஒருநாள் பொறுக்க முடியாமல் கேட்டுவிட்டேன்.

"கொறைச்சித் தின்னா ஆயுசு கூடுமுன்னா, எங்க குவாரி சனம் அத்தனையும் நூறு வயசு வாழ்ந்திருக்கணும். எங்கப்பா அம்பத்தொண்ணுல போனாரு. ஒருத்தரு கூட அறுபதத் தாண்டல. எலும்பும் தோலுமாத்தான் எல்லாரையும் குழியில வெச்சோம்."

"அது கல்லுத் தூசி ரூபி. நெஞ்சுல கட்டிடுச்சி. சாப்பாட்டுக்கும் அதுக்கும் சம்பந்தம் இல்ல."

"அப்ப நீங்க மூச்சுல இழுக்கறது என்ன, சாம்பிராணிப் புகையா? அந்தத் தீவுக் கிழவிங்க நைட் ஷிப்ட்டு போறாங்களா? கொப்பரை தூக்குறாங்களா? அவங்க வேண்டாம்னு கையக் கழுவுறாங்க. எங்கப்பாவுக்கு சட்டியில இல்ல. ரெண்டும் ஒண்ணா?"

அவர் கிழங்கின் தோலை உரித்துக்கொண்டே இருந்தார். எனக்கு வந்த ஆத்திரத்தில் அந்தக் கிழங்கைப் பிடுங்கி வீசலாம் போலிருந்தது. ஆனால் அன்றைக்கு அவர் சாப்பிடப்போவது அது ஒன்றுதான். அதையும் பிடுங்க எனக்கு மனசு வரவில்லை.

யாரிடமாவது சொல்லி அழலாம் என்றால், போகிற இடமெல்லாம் பாராட்டுகிறார்கள். கம்பெனியில் வருஷாந்திர மெடிக்கல் செக்கப் நடந்தது. கொழுப்பு குறைந்திருக்கிறது, பிரஷர் குறைந்திருக்கிறது என்று கம்பெனி டாக்டர் அவர் முதுகில் தட்டினாராம். காலை மீட்டிங்கில் முன்னால் நிற்க வைத்து எல்லாரையும் கைதட்டச் சொன்னார்களாம். வீட்டுக்கு வந்து அதை என்னிடம் சொன்னபோது அவர் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சம். கன்னம் இரண்டும் உள்ளே போய்விட்டன. பேண்ட் நழுவாமல் இருக்க பெல்ட்டில் புதிதாக ஓட்டை போட்டிருந்தார். மாடிப்படியில் பாதியில் நின்று சுவரைப் பிடித்துக்கொள்வார், கேட்டால் செருப்பு வாரைச் சரிசெய்கிறேன் என்பார்.

பங்குச் சாமியாரைப் பார்க்கப் போனேன்.

"தோத்திரம் சாமி. என் வூட்டுக்காரருக்கு நீங்கதான் புத்தி சொல்லணும். சாப்பிடவே மாட்டேங்கறாரு."

"உடம்பை அடக்குறது நல்லதுதானேம்மா. குடிச்சிட்டு வந்து அடிக்கிறவங்க எத்தனை பேரைப் பாக்கறேன். நீ குடுத்து வெச்சவ."

குடித்து அடிக்கிறவன் பெண்டாட்டிக்காவது ஊரில் நாலு பேர் பரிந்து பேசுவார்கள். நான் என்ன சொல்லி அழுவேன்? என் புருஷன் சாகக்கூடாது என்பதற்காகச் செத்துக்கொண்டிருக்கிறான் என்றால் எவருக்குப் புரியும்? கோயில் வாசலில் நின்று முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு பஸ் ஏறினேன்.

கடைசியில் எனக்குத் தெரிந்த ஒரே வழியைக் கையில் எடுத்தேன். எங்கள் வீட்டில் எத்தனை சண்டை போட்டாலும் நான் பட்டினி கிடந்தால் அவருக்குத் தாங்காது. கலியாணமான புதிதில் ஒருமுறை கோபத்தில் சாப்பிடாமல் படுத்துவிட்டேன், அவரே தட்டில் போட்டுக்கொண்டு வந்து ஊட்டினார். அதனால், நீங்கள் சாப்பிடுகிறவரை நானும் சாப்பிட மாட்டேன் என்று முடிவு செய்தேன். சொல்லவில்லை, தட்டை மட்டும் எடுக்கவில்லை. அவராகக் கேட்கட்டும் என்று இருந்தேன்.

மறுநாள் சாயந்தரம் கவனித்துவிட்டார்.

"நீ மதியமும் சாப்பிடலயா?"

"இல்ல."

"காலையிலயும்?"

"இல்ல."

என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். கண் கலங்கியிருந்தது. ஆகா, இரங்கிவிட்டார் என்று நான் மனசுக்குள் மாதாவுக்கு நன்றி சொல்லத் தொடங்கினேன்.

"இப்பவாவது உனக்குப் புரிஞ்சிதே ரூபி," என்றார். "நான் மட்டும் இருந்து என்ன பண்றது? நீயும் இருக்கணும் இல்ல? ரெண்டு பேரும் சாராளோட பேரப் புள்ளைங்களப் பாத்துட்டுத்தான் போவணும். ஆனா ஒரேடியா நிறுத்தாத. கொஞ்சம் கொஞ்சமாக் கொறைக்கணும். நான் சொல்லித் தரேன்."

எழுந்துபோய் எனக்கென்று ஒரு கிண்ணம் எடுத்து வந்தார். அதில் கிழங்கை வெட்டி வைத்து என் மடியில் கொடுத்தார். அவ்வளவு அன்பாக அவர் என்னிடம் பேசி எத்தனையோ மாதம் ஆகியிருந்தது. நான் அந்தக் கிண்ணத்தைப் பிடித்துக்கொண்டு கோவென்று அழுதேன். சந்தோஷத்தில் அழுகிறேன் என்று நினைத்து என் தலையைத் தடவிக் கொடுத்தார்.

அடுத்த நாள் நான் வேலைக்குப் போகிற பேக்டரி பஸ்ஸிலிருந்து இறங்கியதும் கடைக்குப் போய் இரண்டு பன் வாங்கி நின்றபடியே தின்றேன். தண்ணீர் வாங்கிக் குடித்துக்குடித்து இறக்கினேன். என் ஆயுதமும் போயிற்று. இனி கை பிசைந்துகொண்டு பார்த்திருப்பதைத் தவிர எனக்கு ஒன்றும் மிச்சமில்லை.

ஆனி மாதம் ஒரு வெள்ளிக்கிழமை, மதிய இடைவேளையில் பெருமாளிடமிருந்து போன் வந்தது. பெருமாள் எட்சனோடு அதே செக்‌ஷனில் இருக்கிறவன், தர்மபுரிக்காரன்.

"அக்கா, பதறாதீங்க. அண்ணன் கொப்பரை புடிச்சிட்டு நின்னவரு அப்படியே முன்னால சாஞ்சிட்டாரு. காலரப் புடிச்சி இழுத்துட்டேன். இரும்பு மேல படல. ஆனா எழுப்பினா எழல. ஆஸ்பத்திரிக்குத்தான் போயிட்டு இருக்கோம்."

எப்படி ஆட்டோ பிடித்தேன், எந்த வழியாகப் போனேன் என்று எனக்குத் தெரியாது. வழியில் ஒரு மெஸ்ஸில் நிறுத்திச் சோறும் கோழிக் குழம்பும் கட்டி வாங்கியிருக்கிறேன். ஆஸ்பத்திரி வார்டில் போய் நின்றபோது கையில் அந்தப் பை இருந்தது.

எட்சன் கண் விழித்துவிட்டார். கையில் ஊசி குத்தி, மேலே பாட்டில் தொங்கியது. அந்தப் பெரிய கட்டிலில் ஆளைத் தேட வேண்டியிருந்தது. டாக்டர் சின்னப் பெண், சாராளைவிடக் கொஞ்சம் பெரியவளாக இருப்பாள். என்னைத் தனியாகக் கூப்பிட்டாள்.

"இவருக்கு ஹார்ட் துடிப்பு தாறுமாறா இருக்கு. எத்தனை நாளா சாப்பிடல?"

"அடைப்பாம்மா? அவங்க குடும்பத்துல எல்லாருக்கும் அப்படித்தான்..."

"அடைப்பு மாதிரி தெரியலம்மா. பட்டினி. உடம்புல உப்பு, சத்து எல்லாம் கீழ போயிடுச்சு. சத்து இல்லாம ஹார்ட் எப்படி ஓடும்? இப்படியே விட்டா நின்னுடும்."

எதற்குப் பயந்து ஓடினாரோ அதன் வாசலிலேயே போய் நின்றிருக்கிறார். நான் பையைக் காட்டினேன். "சோறு கொண்டாந்திருக்கேன். ஊட்டிடட்டுமா?"

"இப்ப வேண்டாம். ரொம்ப நாள் காஞ்ச உடம்புக்கு ஒரேடியாக் குடுத்தா அதுவே ஆபத்து. மொதல்ல இந்த பாட்டில் மெதுவா ஏறட்டும். அப்புறம் நாங்க சொல்றப்ப கஞ்சி. இன்னைக்கு இவருக்கு இந்த பாட்டில்தான் முக்கியம்."

அத்தனை மாதம் ஒரு வாய் சாப்பிடு என்று கெஞ்சியவள், இப்போது கொண்டுவந்த சோற்றைப் பெருமாளிடம் கொடுத்து நீ சாப்பிடப்பா என்றேன்.

நர்ஸ் பாட்டிலின் வேகத்தைச் சரிசெய்ய வந்தாள். எட்சன் மெல்லக் கேட்டார். "சிஸ்டர், இதுல எவ்வளவு கலோரி இருக்கும்?"

அவள் தமாஷ் என்று நினைத்துச் சிரித்துக்கொண்டே போய்விட்டாள். அவர் தமாஷாகக் கேட்கவில்லை.

மருந்து வாங்கக் கீழே போய்விட்டு வந்தேன். பாட்டிலில் தண்ணீர் நான் போகும்போது இருந்த அதே கோட்டில் நின்றது. நர்ஸைக் கூப்பிட்டேன். ஊசி அடைத்திருக்கும் என்று தட்டிப் பார்த்தாள், குழாயில் இருந்த சின்னச் சக்கரத்தைத் திருகினாள், மறுபடி சொட்டியது. கையை ஆட்டாதீங்க சார் என்று சொல்லிவிட்டுப் போனாள். எட்சன் கண்ணை மூடிக்கொண்டு படுத்திருந்தார். நான் சாராளுக்குப் போன் பண்ண வராந்தாவுக்குப் போனேன். பஸ்ஸில் வந்துகொண்டிருப்பதாகச் சொன்னாள். பேசி முடித்துத் திரும்பியவள் வார்டு கதவருகில் நின்றுவிட்டேன்.

ஊசி இல்லாத கையைத் தூக்கி, அந்தச் சக்கரத்தைத் தேடிப் பிடித்து, அவர் மூடிக்கொண்டிருந்தார். சொட்டு நின்றதும் கையைப் போர்வைக்குள் இழுத்துக்கொண்டார்.

கத்தியிருக்க வேண்டும். அந்த வார்டே திரும்பிப் பார்க்கிற மாதிரி கத்துகிறவள்தான் நான். கத்தாமல் போய்க் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தேன். சக்கரத்தைத் திறந்துவிட்டேன்.

"வேண்டாம் ரூபி," என்றார்.

"இது ஏறலன்னா ஹார்ட் நின்னுடும்னு டாக்டர் சொல்றாங்க."

"தெரியும். எங்கிட்டயும் சொன்னாங்க."

"அப்புறம்?"

"உள்ள எறங்கறது தெரியுது. ஜில்லுனு தெரியுது. மூடணும்னு கை தானாப் போவுது." உதடு காய்ந்திருந்தது. "பயமா இருக்கு ரூபி."

இத்தனை மாதத்தில் அந்த வார்த்தையை அவர் சொன்னதே இல்லை. தீவைச் சொன்னார், எலியைச் சொன்னார், கணக்கைச் சொன்னார். இதை மட்டும் சொல்லவில்லை.

"எனக்கும்தான் பயமா இருக்கு," என்றேன்.

போர்வைக்குள்ளிருந்து அந்தக் கை மறுபடி வெளியே வந்து மேலே போயிற்று. பாதி வழியில் பிடித்துக்கொண்டேன். இழுத்தார். நானும் விடவில்லை. இன்னும் பலமாக இழுத்தார், முகம் வேர்த்தது, கழுத்து நரம்பு புடைத்தது. உருகின இரும்பை எட்டு மணி நேரம் தூக்கி ஊற்றுகிற கை. என் ஒரு கைப் பிடியிலிருந்து அதை உருவிக்கொள்ள அவரால் முடியவில்லை.

கொஞ்ச நேரத்தில் இழுப்பதை விட்டுவிட்டுத் தலையைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார். பாட்டிலில் முக்கால்வாசி மிச்சமிருந்தது. நான் என் இன்னொரு கையாலும் அவர் கையைப் பிடித்துக்கொண்டு அது சொட்டுவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.