கண்ணுக்குத் தெரியாததற்கு ஒரு தங்க முத்திரை

அந்தத் தகட்டின் பெருமையே அது கண்ணுக்குத் தெரியாததுதான். கிராஃபீன் என்னும் கரி, ஒற்றை அணு கனத்தில், ஒளிபுகும் பிளாஸ்டிக் படலத்தின் மேல் படிந்திருக்கும். மூளையின் மேல் வைத்தால், கீழே செல்கள் மினுங்குவதை நுண்ணோக்கியில் பார்க்கலாம். அதே இடத்தின் மின்துடிப்பையும் அப்போதே பதியலாம். உலோகத்தில் செய்தாலோ கீழே இருப்பதை மறைக்கும், போதாததற்கு வெளிச்சம் பட்டால் பொய் மின்சாரத்தையும் கக்கும்.

அந்தத் தொல்லையே வேண்டாமென்றுதான் அக்கா வருடக்கணக்கில் மண்டையை உடைத்துக்கொண்டு இதைச் செய்தாள். ஆய்வுக்கூடம் முழுவதற்கும் அவள் அக்காதான். ஆனால் இதில் இறங்கியது சொந்தத் தம்பிக்காக. அவனுக்கு எந்த மாத்திரைக்கும் மசியாத வலிப்பு. அது கிளம்பும் இடத்தைத் தகடு காட்டிக்கொடுத்தால், அறுவை மருத்துவர் அதை மட்டும் வெட்டி எடுப்பார். முதல் ஆளாகத் தம்பிதான் படுக்கப் போகிறான்.

ஆய்வுக்கூடத் தலைவருக்கு முதுகுக்குப் பின்னால் போட்டோ சார் என்று பெயர். கேமரா இருக்கும் இடத்தில் மனிதர் தானாக முளைத்துவிடுவார். தகட்டில் அவர் கண்ட ஒரே குறை, அது படத்தில் விழவில்லை என்பதுதான்.

“கையில பிடிச்சுக்கிட்டுதாம்மா நின்னேன். படத்துல வெறும் விரல்தான் இருக்கு.”

“தெரியக் கூடாதுன்னுதானே சார் செஞ்சோம்.”

“தெரியாத ஒண்ணுக்கு யாரும்மா கைதட்டுவாங்க?”

நியாயம் எப்படி இருக்கிறது பாருங்கள்! தம்பியை ஸ்கேனுக்கு அழைத்துப்போக அவள் விடுப்பெடுத்த சமயம் பார்த்து, தகட்டின் நட்டநடுவில் ஆய்வுக்கூட முத்திரையைத் தங்கத்தில் பதிக்கச் செய்துவிட்டார் மகானுபாவர்.

அதன்பிறகு சோதனை எலியின் மூளைமேல் அந்தத் தகட்டை வைத்து லேசரைப் பாய்ச்சியபோதெல்லாம் திரையில் அலைகள் எகிறின. மூளைத் துடிப்பே இவ்வளவு தெளிவாக விழுகிறதென்று தலைவருக்குக் கால் தரையில் நிற்கவில்லை. அக்கா மட்டும் நம்பவில்லை. தகட்டை எடுத்து உப்புத் தண்ணீரில் போட்டு ஒளியைக் காட்டினாள். அதே அலை. எலியும் இல்லாமல், மூளையும் இல்லாமல், உப்புத் தண்ணீர் அமோகமாக யோசித்துக்கொண்டிருந்தது.

நேரே தலைவரின் அறைக்குப் போனாள்.

“சார், இது தங்கத்துல வெளிச்சம் பட்டு வர்ற அலை. இதை நம்பினா டாக்டர் தப்பான இடத்துல கத்தி வைப்பாங்க.”

“நாளைக்கு டாக்டர் ஆபரேஷனுக்குச் சம்மதிச்சுக் கையெழுத்துப் போட வர்றாங்க. இப்பப் போய் இதைக் கிளறாதே.”

“படுக்கப் போறது என் தம்பி சார்.”

“அதனாலதான் சொல்றேன். அவனுக்குச் சீக்கிரம் நடக்கணுமா, வேண்டாமா?”

அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. விருட்டென்று வெளியே வந்துவிட்டாள்.

மறுநாள் மருத்துவர் வந்தார். தம்பியும் வந்தான். யாரும் சொல்லாமலே தலையை மழித்துக்கொண்டு, பெண் பார்க்கப் போகிறவன்போல் சட்டையைத் தேய்த்துப் போட்டிருந்தான். வெளிச்சம் படாமலிருக்க நுண்ணோக்கியைச் சுற்றி வழக்கம்போல் கறுப்புத் துணி தொங்கியது. அக்கா லேசரைப் போட்டாள், அலைகள் எகிறின.

“பாருங்க டாக்டர், எலி என்னமா யோசிக்குது. ஒவ்வொரு யோசனையும் தனித்தனியாத் தெரியுது” என்றார் தலைவர். தம்பிக்குக் கண் கலங்கிவிட்டது.

அக்கா துணியை விலக்கினாள். லென்ஸுக்குக் கீழே ஒரு கண்ணாடிக் கிண்ணம் இருந்தது.

“எலி கூண்டுல தூங்குது சார். இது உப்புத் தண்ணி.”

தலைவர் முகத்தில் ஈயாடவில்லை. ஆனாலும் வாய் சும்மா இருக்குமா? “இதுவும் ஒரு முக்கியமான கண்டுபிடிப்புதான்...” என்று ஆரம்பித்தார். மருத்துவர் அவரைச் சட்டையே செய்யவில்லை. அக்காவிடம் திரும்பினார்.

“நல்லவேளை சொன்னீங்க. ஆனா இங்கேருந்து வந்த எதையும் இனி நான் நம்ப முடியாது. எல்லாம் முதல்லேருந்து சோதிக்கணும். வருஷக்கணக்குல ஆகும்.”

இருவரும் வீடு திரும்பினார்கள். செருப்பைக் கழற்றும்போது தம்பி கேட்டான்.

“நீ வாயைத் திறக்காம இருந்திருந்தா அடுத்த வாரம் எனக்கு ஆபரேஷன் முடிஞ்சிருக்கும், இல்ல?”

“முடிஞ்சிருக்கும்டா. தப்பான இடத்துல வெட்டி முடிஞ்சிருக்கும்.”

அவன் துண்டை எடுத்துக்கொண்டு குளிக்கப் போனான். குளிக்கும்போது வலிப்பு வந்தால் ஓடிப்போய்த் தூக்க வேண்டுமே என்று, அந்த வீட்டில் அவன் ஒருநாளும் கதவைத் தாழிட்டதில்லை. அன்று தாழ் விழும் சத்தம் கேட்டது.

அக்கா கதவில் காதை வைத்துக்கொண்டு நின்றாள்.